தேர்ச்சி என்று மட்டும் போட்ட தாள்

போன வாரம் சாயங்காலம், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், ஒரு பையன் வந்து நின்றான். அம்பாசமுத்திரத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது, கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம், அதனால் இந்த ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் முகம் எனக்குத் தெரியும், பேர்தான் சட்டென்று வராது. இவன் பேர் வந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்து வீட்டுப் பையன். இங்கே பேர் வேண்டாம்.

"அண்ணாச்சி, ஒரு வேலைக்கு அப்ளிகேஷன் போடணும். பத்தாங்கிளாஸ் மார்க்கு மட்டும் போதுமாம், பரிச்சை கிடையாதாம்."

சரி என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பேர், அப்பா பேர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண் என்று வரிசையாக அடித்துக்கொண்டே வந்தேன். மதிப்பெண் கேட்கிற கட்டம் வந்தது. தாளைக் கொண்டா என்று கை நீட்டினேன். லேமினேஷன் செய்த தாள், என் கடையிலேயே செய்ததுதான், ஓரத்தில் ஒரு குமிழ் நிற்கிறதே அது என் பழைய மெஷினின் கைவண்ணம். தாளில் மதிப்பெண் என்று ஒரு எண்கூட இல்லை. தேர்ச்சி, அவ்வளவுதான். 2021-ஆம் வருடத்துப் பத்தாம் வகுப்பு.

கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகமாட்டேன் என்கிறது. பூஜ்யம் போட்டால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "விடுங்க அண்ணாச்சி, இதுக்கு முந்தியும் ஒண்ணு இப்படித்தான் நின்னுபோச்சு" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொரோனா சமயத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச் சொல்லலாமா கூடாதா என்று ஒரு சண்டை நடந்ததே, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? டீக்கடையில், டிவியில், பெற்றோர் கூட்டத்தில், வீட்டுச் சமையலறையில் எல்லாம் அதே பேச்சுதான். உயிரா படிப்பா என்று இரண்டு தட்டு வைத்து நிறுத்துவார்கள், உயிர்தான் என்று யாராவது சொல்வார்கள், பேச்சு முடிந்துவிடும். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பள்ளிக்கூடம் மூடினால் என் கல்லாவும் மூடும், அதனால் நான் நடுநிலையான ஆள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2020 மார்ச் 24 அன்று பிளஸ் டூவுக்குக் கடைசிப் பரீட்சை, மறுநாள் நாடே பூட்டு. பத்தாவதுக்கு 27-ஆம் தேதி தொடங்க வேண்டியது ஜூன் 1 ஆகி, ஜூன் 15 ஆகி, ஜூன் 9 அன்று ரத்து. அந்தப் பிள்ளைகளுக்காவது காலாண்டு அரையாண்டு என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். அடுத்து வந்தவர்கள்தான் எதுவுமே இல்லாமல் போனவர்கள். அந்த 2020-21-இல் என் மகள் பிளஸ் டூ, வாய்க்கால் வீட்டுப் பையன் பத்தாவது.

ஜூலையில் புத்தகம் கொடுத்தார்கள். பிளஸ் டூக்காரர்கள் லேப்டாப்பைக் கொண்டுபோனால் பாட வீடியோக்களை ஏற்றிக் கொடுத்தார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. வாட்ஸப்பில் சார் கணக்குப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவார். என் கடைக்கு வந்ததெல்லாம் அந்தப் படங்கள்தான். கோணலாக எடுத்த நோட்டுப் பக்கம், பாதியில் சாரின் கட்டைவிரல், மேலே ட்யூப்லைட் வெளிச்சம் அடித்து நான்கு வரி வெள்ளையாகப் போயிருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்தால் கறுப்புத் திட்டுதான் வரும். நான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து எதையாவது வரவழைத்துக் கொடுப்பேன்.

இந்தப் பையன் முதல் இரண்டு மாதம் வாராவாரம் வந்தான். வீட்டில் ஒரே போன், அதை அவன் அப்பா செங்கல் சூளைக்குக் கொண்டுபோய்விடுவார், ராத்திரிதான் கையில் கிடைக்கும், அதற்குள் அறுபது எழுபது மெசேஜ் வந்து குவிந்திருக்கும், அதில் கணக்கு எது, குட்மார்னிங் எது என்று தேடி எடுத்துக்கொண்டு வருவான். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒருநாள் போனை நீட்டினான், திரை முழுக்கச் செம்மண் ரேகை. நகக்கண்ணிலும் அதே மண். "சூளைக்குப் போறியால?" என்று கேட்டேன். "சும்மா அப்பா கூடத்தான் போறேன், கல்லு திருப்பிப் போடுதேன்" என்றான். சும்மா என்ற சொல்லை எங்கள் ஊரில் இப்படித்தான் பயன்படுத்துவோம், பெரிய காரியங்களுக்கெல்லாம் அதுதான். அதற்கப்புறம் அவன் பிரிண்ட் எடுக்க வரவில்லை.

நவம்பரில் பெற்றோர் கருத்துக் கேட்புக் கூட்டம். 9-ஆம் தேதி என்று நினைவு, 16-ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறக்கலாமா என்று கேட்டார்கள். நான் எழுந்து வேண்டாம் என்றேன். வீட்டில் என் அத்தை, மனைவியைப் பெற்றவர், சர்க்கரை நோயாளி, மகளோடு ஒரே கட்டிலில் படுக்கிறவர். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, பிள்ளை கொண்டுவந்து கொடுத்தால் ஆச்சிக்கு ஆகும், இதுதான் என் கணக்கு. நிறையப் பேருக்கு அதே கணக்கு. தள்ளிவைத்தார்கள். நிம்மதியாக இருந்தது.

ஜனவரி முதல் வாரம் மறுபடி கேட்டார்கள், இந்தத் தடவை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும். மரத்தடியில் இடைவெளி விட்டு நாற்காலி. கிருமிநாசினி, இடைவெளி, ஒரு வகுப்புக்கு 25 பேர் என்று ஹெட்மாஸ்டர் வாசித்துக்கொண்டே போனார். வாசித்து முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்துவிட்டார். முக்கூடல் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர், பீடி சுற்றுகிறவர். "தொறங்க சார். எட்டு மாசமா எம்மவ பீடித் தட்டை மடியில வச்சிக்கிட்டு டிவி பாக்கா. நானும் மொதல்ல நல்லதுன்னுதான் நெனச்சேன், ரெண்டு கையி கூட இருக்குன்னு. இப்ப அவ என்னய விட வேகமா சுத்துதா. அதான் பயமா இருக்கு." அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மாதமாக டிவி விவாதங்களில் எத்தனையோ டாக்டர்களும் கல்வியாளர்களும் பேசிக் கேட்டேன், இதை ஒருவரும் சொல்லவில்லை. மகள் பீடி சுற்றத் தெரியாமல் இருந்தால் கவலை இல்லை, வேகமாகச் சுற்றுகிறாள் என்பதுதான் கவலை. கை வேகம் வந்துவிட்டால் காசு வரும், காசு வந்துவிட்டால் அந்தக் கையை நோட்டுப் பக்கம் யார் திருப்புவது? ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தால் அடுத்த வருடம் திரும்பிப் பள்ளிக்குத்தான் போகும், வேறு எங்கேயும் யாரும் அதைக் கூப்பிட மாட்டார்கள். பத்தாவது பன்னிரண்டாவது அப்படி இல்லை. உயரம் வந்துவிட்டது, தோள் வந்துவிட்டது. சூளை கூப்பிடும், திருப்பூர் கூப்பிடும், மெட்ராஸ் மளிகைக் கடை கூப்பிடும். நான் அன்றைக்குத் திறக்கட்டும் என்று கை தூக்கினேன்.

சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். ஒரு மாதிரித் தாளை யாரோ எழுதி, அதையே எல்லாரும் என் கடையில் நகல் எடுத்துப் பேரை மட்டும் நிரப்பினார்கள். என் மகன் / மகள் பள்ளிக்கு வர எனக்குச் சம்மதம் என்று ஒரு வரி. இருநூறு நகலாவது போட்டிருப்பேன். இருநூற்றுக்கும் கை நடுங்கவில்லை, என் மகளுக்கு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடத்தான் அரை நாள் ஆனது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பொங்கலுக்கு மழை கொட்டியது நெல்லைக்காரர்களுக்கு மறக்காது. தை பிறக்கிற நேரத்தில் அப்படி ஒரு மழை, பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட, தாமிரபரணி கரை புரண்டு குறுக்குத்துறை முருகன் கோவிலை முழுங்கியது. வெள்ளாமை போனவர்கள் அழுதார்கள். ஆனால் சூளையில் காயவைத்த பச்சைக்கல் எல்லாம் கரைந்துபோய் வேலை நின்றதால்தான் வாய்க்கால் வீட்டுப் பையன் ஜனவரி 19 அன்று பள்ளிக்கு வந்தான். மழை இல்லாவிட்டால் வந்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அன்று காலை கடை வாசலில் நின்று பார்த்தேன். நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துக் காய்ச்சல் பார்த்தார்கள், கையில் மருந்து ஊற்றினார்கள், சத்து மாத்திரை கொடுத்தார்கள். பத்து மாதத்தில் சட்டை எல்லாம் சின்னதாகிப் போயிருந்தது. பையன்களுக்கு மணிக்கட்டுக்கு மேலே நிற்கிற கை, கணுக்காலுக்கு மேலே நிற்கிற பேண்ட், பாதி மீசையை மறைத்து மாஸ்க். பஸ் பாஸ் புதிதாக வரவில்லை, யூனிபார்மைக் காட்டினாலே ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள், அந்தச் சட்டைக்குள் நுழைய முடிந்தால். என் மகள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கெமிஸ்ட்ரி மிஸ் அழுதுட்டாங்கப்பா" என்றாள். ஏன் என்று கேட்டால் தெரியாதாம். அன்று ராத்திரிதான் அவள் ரொம்ப நாளைக்கு அப்புறம் தட்டில் வைத்ததை முழுக்கச் சாப்பிட்டாள்.

பாடத்தைக் குறைத்துவிட்டார்கள், பரீட்சை உண்டு, படிங்க என்று சொன்னார்கள். என் கடையில் மறுபடி மாதிரி வினாத்தாள், ஒரு மார்க் கேள்விகள், வரைபடம். பையனும் வந்தான், இந்தத் தடவை நகம் சுத்தமாக. சமூக அறிவியல் வரைபடத்துக்கு ஐந்து நகல் கேட்டான், நான் பத்து கொடுத்தேன்.

ஐந்து வாரம்தான். பிப்ரவரி 25, சட்டமன்றத்தில், விவாதம் இல்லாமல் அறிவிக்கிற 110 விதியில், முதல்வர் அறிவிப்பு: ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாரும் தேர்ச்சி. மறுநாளே தேர்தல் தேதி வந்தது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பள்ளி திறந்துதான் இருந்தது, மார்ச் 22 வரை திறந்துதான் இருந்தது, ஆனால் பத்தாவது வகுப்பில் கூட்டம் மறுவாரமே வடிந்துவிட்டது. நான் கடையில் உட்கார்ந்து எண்ணாமலே எண்ணிக்கொண்டிருக்கிற ஆள், எனக்குத் தெரியும். பரீட்சைக்காகத்தான் பள்ளி என்று நாமே பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம், பரீட்சை வருகிறது அதனால் பெரிய வகுப்பை மட்டும் திறக்கிறோம் என்று காரணமும் சொன்னோம், அப்புறம் பரீட்சை இல்லை என்றதும் பிள்ளைகள் சரியாகப் புரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதில் அவர்கள் தப்பு என்ன? அதற்குள் சூளையும் காய்ந்துவிட்டது.

பரீட்சையை ரத்து செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் பாடமே நடக்காமல் கேள்வித்தாளை மட்டும் நீட்டுவது அநியாயம்தான். ஆனால் ஒரு சின்ன மதிப்பெண்ணாவது, பள்ளிக்குள்ளேயே வைத்த ஒரு தேர்வாவது, ஜூன் வரை வந்து உட்கார ஒரு காரணமாவது வைத்திருக்கலாம். வரச் சொல்லலாமா கூடாதா என்று ஒரு வருடம் சண்டை போட்டவர்கள், வந்தவனை எப்படி இருக்க வைப்பது என்று ஒருநாள்கூடப் பேசவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது மறுபக்கம். அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம்.

மார்ச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் மாணவிகள் ஐம்பது பேருக்கு மேல் தொற்று என்று செய்தி வந்தது. மற்ற வகுப்புகளை மூடினார்கள், பிளஸ் டூ மட்டும் நடந்தது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, அதுவரை பிரச்சாரக் கூட்டங்களில் தோளோடு தோள், பிள்ளைகள் உட்காரக் கூடாத அதே வகுப்பறைகளில் ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. ஏப்ரல் 16 முதல் 23 வரை செய்முறைத் தேர்வு, மகள் போய்வந்தாள். மாதக் கடைசியில் அத்தைக்குக் காய்ச்சல். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மே மாதம், தமிழ்நாட்டில் ஒருநாளைக்கு 36 ஆயிரம் பேர் என்று கணக்குப் போன மாதம், அத்தை திரும்பி வரவில்லை.

எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏப்ரலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தோம். ஓட்டுப் போடவும் அத்தை வந்தார். நானே கடையில் நாளெல்லாம் நூறு பேரிடம் காசு வாங்கிப் போட்டவன். ஆனால் மகள் மனதில் செய்முறைத் தேர்வுதான் நிற்கிறது, ஆச்சி பக்கத்தில் படுத்தது அவள்தானே. என் மனைவி ஒரே ஒருதடவை, பதினாறாம் நாள் எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டே, "அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போடாம இருந்திருக்கலாம்" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. திறந்தது சரி என்று கடையில் யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன், வீட்டில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.

ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வையும் ரத்து செய்தார்கள். பத்தாவதிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டின் செய்முறையும் அகமதிப்பீடும் 30 என்று கணக்குப் போட்டு ஜூலை 19 அன்று மதிப்பெண் வந்தது. மகளுக்கு நல்ல மதிப்பெண்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நான் எடுத்ததாப்பா?" என்று கேட்டாள். பாளையங்கோட்டையில் கல்லூரி சேர்ந்தாள், முடித்தாள், வேலைக்கும் போய்விட்டாள். அவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எண் என்று ஒன்று இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

பத்தாவதுக்காரர்கள்தான் நடுவில் விழுந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது அரசு, அது இவர்களுக்கு இல்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது, நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே ஒரு பெண் நடத்தினாள், ஆனால் அது ஒன்று முதல் எட்டு வரைக்கும்தான். செப்டம்பர் 1 அன்று பெரிய வகுப்புகள் திறந்தபோது இவர்கள் பிளஸ் ஒன். ரிஜிஸ்டரில் பேர் இருந்தது. ஆள் சூளையில்.

இன்னொன்று, சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ சொல்லிவிடுகிறேன். அந்த டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று பையன்கள் செத்துப்போனார்கள். நாங்கள் கூட்டத்தில் கிருமியைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசினோம், கட்டடத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிள்ளையை அனுப்பலாமா என்ற கேள்விக்குள் அதுவும் இருந்தது என்று அப்புறம்தான் உறைத்தது.

2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க 50 ஆயிரம் பேருக்கு மேல் வரவில்லை என்று செய்தி வந்ததே, எல்லாரும் அதிர்ச்சி அடைந்தார்களே, அது யார் என்று கணக்குப் பார்த்தால் தெரியும். 2021-இல் ஆல் பாஸ் ஆன அதே பத்தாவதுதான். எனக்கு அதிர்ச்சி இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு சார் கையில் ஹால் டிக்கெட்டோடு என் கடைக்கு வந்து, "இந்தப் பையன் வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார். வாய்க்கால் ஓரத்தைக் கைகாட்டினேன். போன வேகத்தில் திரும்பினார். பையன் மெட்ராஸில் மளிகைக் கடையில் இருக்கிறானாம். அந்த ஹால் டிக்கெட்டில் இருந்த போட்டோவில் அவனுக்கு மீசையே இல்லை.

இவ்வளவும் போன வாரம் அவன் என் பின்னால் நிற்கும்போது ஓடியது. "விட்டதைத் தனித்தேர்வரா எழுதலாம்ல, பீஸ் கட்டி எழுதுறவங்க இருக்காங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "பாப்போம் அண்ணாச்சி" என்றான். பாப்போம் என்றால் எங்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம். ஆதாருக்கும் அந்தத் தாளுக்கும் நகல் எடுத்துக் கேட்டான், ஆறு ரூபாய், வேண்டாம் என்றதற்கு மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

கடை சாத்தும்போது மெஷின் மூடியைத் தூக்கினால் கண்ணாடி மேல் அவன் ஒரிஜினல் கிடக்கிறது. நகலை எடுத்துக்கொண்டு ஒரிஜினலை விட்டுப் போகிறவர்கள் நாளுக்கு ஒருத்தராவது உண்டு, ஆனால் அடித்துப் பிடித்து ஓடிவருவார்கள். போன் பண்ணினேன். ரயிலில் இருந்தான், மெட்ராஸுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறானாம்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி. பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கிடுதேன்."

மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.